முள் காட்டும் வடக்கும் மெய்யான வடக்கும்

இவ்வாண்டு நம் பள்ளி விளையாட்டு விழாவைக் கண்டவர் எவரும் அணிவகுப்பு தொடங்கிய அந்த இரண்டு நிமிடங்களை மறந்திருக்க மாட்டார்கள். எங்கள் தோழி ஒருத்தியின் சித்தப்பா திருமண வீடுகளில் வீடியோ எடுப்பவர். பள்ளிக்காகக் காசு வாங்காமல் படம் பிடித்துத் தருவதாகச் சொல்லித் தம் டிரோனை மேடையிலிருந்து பறக்கவிட்டார். தென்னை உயரத்திற்கு ஏறிய அது, ஏறிய இடத்தில் நில்லாமல் மெல்ல ஒரு வட்டம் போட்டது. அடுத்த வட்டம் அதைவிடப் பெரிதாயிற்று. ஓயப் போகும் பம்பரம் தலையாட்டிக்கொண்டு அகலச் சுற்றுமே, அப்படிச் சுற்றியது. பிறகு ஒரே சாய்வாய் ஓடி, ஐந்தாம் வகுப்புச் சிறுமியர் நின்ற வரிசைக்கு மேலே பறந்து, வேப்பமரத்தில் மோதி விழுந்தது. ஒரு சிறுமியின் முழங்கையில் சிராய்ப்பு. இறைவன் அருளால் அதற்குமேல் ஒன்றுமில்லை.

அன்று மாலைக்குள் காரணங்கள் பலவாகப் பெருகிவிட்டன. “குற்றாலத்து மலையிலே காந்தக் கல்லு இருக்கு. அதான் இழுத்துட்டு” என்றார் ஒரு பெரியவர். பொறியியல் படிக்கும் அண்ணன் ஒருவர், “நம் ஊரில் காந்த வடக்கு வேறு, உண்மையான வடக்கு வேறு, அந்த வித்தியாசத்தை அது கணக்கில் எடுக்கவில்லை” என்றார். பொருளே மட்டம் என்றனர் மற்றவர்கள். அதை நம்பிய சித்தப்பா வட்டிக்குக் கடன் வாங்கிப் புதிதாய் ஒன்று வாங்கத் துணிந்துவிட்டார். இது எங்களுக்குப் பொறுக்கவில்லை. இயற்பியல் கற்பிக்கும் எங்கள் சிஸ்டரிடம் சென்று முறையிட்டோம். “யார்மேல் பழி என்று பேசுமுன் காந்த ஊசியைக் கேட்டுப் பாருங்கள்” என்றார் அவர். பதினொன்றாம் வகுப்பைச் சேர்ந்த நாங்கள் ஆறு பேர், மூன்று சனிக்கிழமைகளில் ஊசியைக் கேட்டறிந்ததே இக்கட்டுரை.

முதலில், டிரோனுக்குத் திசைகாட்டி எதற்கு? தான் எங்கே இருக்கிறோம் என்பதைச் செயற்கைக்கோள்களின் துணையால் அது அறியும். ஆனால் ஓரிடத்தில் நிற்கும்போது தன் மூக்கு எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதைச் செயற்கைக்கோள் சொல்லாது. அதற்காகவே அதன் உடலுக்குள் சிறு காந்த உணரி ஒன்றைப் பொருத்தியிருக்கிறார்கள். காற்று அதைக் கிழக்கே இரண்டு அடி தள்ளிவிட்டால், மேற்கே இரண்டு அடி போகவேண்டும் என்று கணக்குப் போடுகிறது. மேற்கு எது என்பதில் பிழை இருந்தால்?

இதை நாங்கள் மைதானத்தில் விளையாடியே பார்த்தோம். நடுவில் ஒரு குச்சியை நட்டு, ஒரு தோழியை இருபதடி தள்ளி நிறுத்தி, “குச்சியை நோக்கி நடக்காதே, ஒவ்வோர் அடியிலும் குச்சிக்குக் கொஞ்சம் வலப்புறமாகவே நட” என்றோம். வளைந்து வளைந்து வந்தாலும் குச்சியை அடைந்துவிட்டாள். பிறகு சரியாகக் குறுக்கே, அதாவது 90 பாகை வலப்புறமாக நடக்கச் சொன்னோம். குச்சியைச் சுற்றிச் சுற்றி வந்தாளே தவிர நெருங்கவில்லை. அதற்கும் மேலே திருப்பினால் ஒவ்வோர் அடியும் அவளைத் தூரமாகவே கொண்டுசென்றது. டிரோனுக்கு ஓட்டத்தின் வேகமும் சேர்வதால், 90 பாகைக்கு வெகுமுன்பே வட்டமடிக்கத் தொடங்கிவிடும். விழாவன்று நாம் கண்டது இதுவே. ஆகவே அதன் திசைகாட்டி மிகப் பெரிய பிழையில் இருந்திருக்கிறது. ஒன்றிரண்டு பாகைப் பிழைக்கு அந்த ஆட்டம் வராது.

இனி அந்த அண்ணன் சொன்னதற்கு வருவோம். காந்த ஊசி காட்டும் வடக்குக்கும் புவியின் மெய்யான வடக்குக்கும் இடையிலுள்ள கோணமே காந்த ஒதுக்கம். நம் மேல்வகுப்புப் பாடநூலில் வருவதுதான். அதை நம் மைதானத்திலேயே அளக்க விரும்பினோம். மெய்யான வடக்கைக் காணப் பழங்காலச் சிற்பிகள் செய்ததுபோல் சங்கு நட்டோம். ஒரு மீட்டர் நீளமுள்ள மூங்கிலைத் தூக்குக்குண்டு வைத்து நேராக நிறுத்தி, அதைச் சுற்றிக் கயிற்றால் ஒரு வட்டம் வரைந்தோம். காலையில் நிழலின் நுனி வட்டத்தைத் தொட்ட இடத்தில் ஓர் ஆணி, மாலையில் தொட்ட இடத்தில் ஓர் ஆணி. இரண்டையும் இணைத்தால் கிழக்கு மேற்குக் கோடு. அதற்குச் செங்குத்தே வடக்கு. ஆணிகள் மரத்தால் ஆனவை என்பதைக் குறிப்பிட வேண்டும். இரும்பாணி அடிக்கப்போன ஒருத்தியை நல்லவேளையாகச் சிஸ்டர் தடுத்துவிட்டார்.

அந்தக் கோட்டின்மேல் காந்தப் பெட்டியை வைத்துப் பார்த்தபோது ஊசி வடக்குக்குச் சற்றே மேற்கில் நின்றது. ஒருத்தி 1 பாகை என்றாள், ஒருத்தி 2 என்றாள், ஒருத்தி 3 என்றாள். பள்ளிப் பாகைமானியில் அதற்குமேல் நுணுக்கம் கிடைக்காது. தென்காசிப் பகுதிக்கு இன்றைய கணக்குப்படி மேற்கே ஏறத்தாழ 2 பாகை என்பதே சரி. சென்னைக்கு மேற்கே ஒரு பாகைக்குச் சற்று மேல். டில்லிக்குக் கிழக்கே ஒரு பாகை அளவு. நியூயார்க்கில் மேற்கே சுமார் 13 பாகை. நியூசிலாந்தின் வெலிங்டனில் கிழக்கே 20 பாகைக்கும் அதிகம். 2 பாகைப் பிழையோடு 100 மீட்டர் பறந்தால் மூன்றரை மீட்டர் பக்கம் விலகும். வேப்பமரத்தில் கொண்டுபோய் மோத அது போதாது.

அதுவும் அந்த 2 பாகை தீர்க்கப்படாமல் விடப்படுவதில்லை. எந்த இடத்தில் எத்தனை பாகை என்பதைச் சொல்லும் உலகக் காந்த மாதிரி என்ற கணக்கு இருக்கிறது. புவியின் காந்தம் ஆண்டுதோறும் மெல்ல மாறுவதால் அதனை ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கிறார்கள். வட காந்த முனை கனடாப் பக்கத்திலிருந்து சைபீரியாவை நோக்கி எதிர்பார்த்ததைவிட விரைவாக நகர்ந்ததால், 2019-ஆம் ஆண்டில் தவணைக்கு முன்பே ஒருமுறை திருத்த நேர்ந்தது. இப்போது வழக்கிலிருப்பது 2024 டிசம்பரில் வெளியானது. டிரோன்களின் மென்பொருள் இத்தகைய அட்டவணையை வைத்துக்கொண்டு, செயற்கைக்கோள் சொன்ன இடத்தைப் பார்த்து, அவ்விடத்துக்குரிய ஒதுக்கத்தைத் தானே கூட்டிக் கழித்துக்கொள்ளும். மனிதர் செய்ய வேண்டியது ஒன்றுமில்லை.

அடுத்து மலையின்மேல் சுமத்தப்பட்ட பழி. நம் மலைத்தொடருக்கும் காந்த ஒதுக்கத்துக்கும் உள்ள பழைய உறவை அறிந்து நாங்கள் வியந்துபோனோம். தென்காசிக்குத் தெற்கே, இதே மலைத்தொடரில் 1,868 மீட்டர் உயரத்தில் நிற்பது அகத்தியர் மலை. திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் காலத்தில், 1837-ஆம் ஆண்டில், திருவனந்தபுரத்தில் ஒரு வானாய்வு நிலையம் தோன்றியது. 1852-இல் அதன் தலைவராக வந்த ஜான் ஆலன் புரூன் என்னும் ஸ்காட்லாந்து அறிஞர், அகத்தியர் மலை உச்சிக்கு அருகே 1855-இல் இன்னொரு நிலையத்தை அமைத்தார். யானைகள் திரியும் காட்டுவழியே நுட்பமான கருவிகளை மேலே ஏற்றி, அங்கும் கீழே திருவனந்தபுரத்திலும் காந்த ஊசியின் அசைவைக் குறித்துவந்தார்கள். அந்த ஒதுக்க அளவீடுகள் 1874-இல் தனி நூலாகவே வெளிவந்தன. தமிழ் முனிவர் அமர்ந்ததாக நம் முன்னோர் சொல்லும் மலையில் ஊசியையும் அமர வைத்திருக்கிறார்கள்!

ஊசி நாள்தோறும் ஆடுகிறது என்பது உண்மை. ஆனால் அந்த ஆட்டம் சில கலை அளவே. ஒரு பாகைக்கு 60 கலை என்பது தோழியருக்குத் தெரியும். நம் மாவட்டத்து மலைப்பாறைகளில் காந்தத் தன்மையுள்ள இரும்புத் தாதுத் துகள்கள் கலந்திருப்பதும் உண்மை. ஆயினும் திறந்த வெளியில் பறக்கும் ஒன்றைத் திசை தப்பச் செய்யும் வலிமை அவற்றுக்கு இல்லை.

உண்மையில் காந்த ஊசிக்கு நம் ஊரைவிட நல்ல இடம் உலகில் அதிகம் இல்லை. புவியின் காந்த நடுக்கோடு தென் தமிழகத்துக்கு மிக அருகில் செல்கிறது. தும்பாவில் 1963 நவம்பர் 21-ஆம் நாள் முதல் ராக்கெட்டை ஏவியதற்கும், திருநெல்வேலியை அடுத்த கிருஷ்ணாபுரத்தில் இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனம் ஆய்வகம் வைத்திருப்பதற்கும் அதுவே காரணம். நடுக்கோட்டின் அருகே காந்த விசை தரைக்குள் சாயாமல் ஏறத்தாழக் கிடையாகவே ஓடுகிறது. திசைகாட்டிக்கு வேண்டியது கிடையான விசைதான். இங்கே அது சுமார் 40,000 நானோடெஸ்லா. இலண்டனில் ஏறத்தாழ அதில் பாதி. ஆகவே அங்கே ஓர் இரும்புத் துண்டு ஊசியை 10 பாகை திருப்பினால், அதே துண்டு இங்கே 5 பாகை அளவே திருப்பும். பகலில் நம் தலைக்குமேல் நூறு கிலோமீட்டருக்குச் சற்று உயரத்தில் கிழக்கு நோக்கி ஒரு மின்னோட்டம் பாய்கிறது. கிருஷ்ணாபுரத்து அறிஞர்களுக்கு அது பெரிய பொருள். ஆனால் அதனால் இங்கே விசையில் ஏற்படும் மாற்றம் நானூற்றில் ஒரு பங்கு போன்றதே. டிரோன் அதைப் பொருட்படுத்தாது.

அப்படியானால் குற்றவாளி யார்? காந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பள்ளி முழுதும் சுற்றினோம். இந்தச் சனிக்கிழமைதான் எங்களுக்கு மிகவும் பிடித்தது. மைதான நடுவில் ஊசி அசையவில்லை. இரும்புக் கொடிக்கம்பத்தின் அடியில் பெட்டியை வைத்தபோது 9 பாகை திரும்பிற்று. சைக்கிள் நிறுத்துமிடத்தில் ஓரோர் அடிக்கும் ஒவ்வொரு வடக்கு. பள்ளி மணியின் கீழ் பெரிய மாற்றத்தை எதிர்பார்த்தோம். ஊசி இம்மியும் நகரவில்லை. மணி வெண்கலமாயிற்றே! மேடையின்மேல், காரைக்குள் இருக்கும் கம்பிகளால், இடத்துக்கு இடம் 5 முதல் 15 பாகை வரை மாறியது. சிஸ்டர் குனிந்து பார்த்தபோது திடீரென்று ஊசி சுழன்றது. அவர் இடுப்பில் தொங்கிய சாவிக்கொத்தே காரணம். கடைசியாக, விழாவன்று வைத்திருந்த ஒலிபெருக்கிப் பெட்டி ஒன்றை மேடை ஓரத்தில் அதே இடத்தில் வைக்கச் செய்து, ஒரு முழ தூரத்தில் காந்தப் பெட்டியை வைத்தோம். ஊசி 70 பாகைக்கும் மேல் திரும்பி, ஒலிபெருக்கியைப் பார்த்தபடி நின்றுவிட்டது. ஒலிபெருக்கியின் வயிற்றுக்குள் வலிமையான காந்தம் இருக்கிறது என்பதை ஒன்பதாம் வகுப்பில் படித்திருந்தும் ஒருவருக்கும் அது நினைவுக்கு வரவில்லை.

சித்தப்பாவை அழைத்து வந்து, விழாவன்று செய்ததை அப்படியே செய்து காட்டச் சொன்னோம். டிரோனை மேடையில் ஒலிபெருக்கிக்கு அருகே வைத்து இயக்கினார். உடனே, திசைகாட்டியைச் சரிசெய்க என்று கைத்திரையில் எழுத்து வந்தது. “அன்னைக்கும் இப்படித்தான் கேட்டுச்சு. அதான் இங்கனயே வச்சு ரெண்டு சுத்துச் சுத்தினேன். சரின்னு சொல்லிருச்சு. மேலே விட்டுட்டேன்” என்றார்.

முடிச்சு இங்கேதான் இருந்தது. இந்தச் சரிசெய்தலைக் காலிபிரேஷன் என்கிறார்கள். டிரோனைக் கிடையாகப் பிடித்து ஒரு சுற்று, மூக்கைக் கீழ்நோக்கிப் பிடித்து ஒரு சுற்று என்று திருப்புவார்கள். டிரோனின் உடலிலேயே திருகாணிகள், மோட்டார்கள், மின்கலம் எல்லாம் இருக்கின்றன; அவற்றின் காந்தமும் புவியின் காந்தமும் கலந்தே உணரிக்குத் தெரியும். சுற்றும்போது புவியின் காந்தம் பக்கம் மாறிக்கொண்டே வரும். ஆனால் சொந்த உடலின் காந்தம் உணரியுடன் சேர்ந்தே சுற்றுவதால் மாறாமல் நிற்கும். மாறாமல் நிற்பதைக் கண்டுபிடித்துக் கழித்துவிடுவதே காலிபிரேஷன். அது தன்னுடைய குறையைத் தானே அறிந்துகொள்வது. ஊரின் ஒதுக்கத்தை அறிந்துகொள்வது அன்று. எத்தனை முறை சுற்றினாலும் உணரிக்குத் தெரிவது காந்த வடக்கு மட்டுமே. மெய்யான வடக்கு எங்கே என்பதை அட்டவணைதான் சொல்ல வேண்டும்.

கடிகாரத்தை எண்ணிப் பார்த்தால் இது எளிதில் விளங்கும். இந்திய நேரம் 82½ பாகைத் தீர்க்கரேகைக்கு உரியது. நாமோ 77 பாகைக்குச் சற்று மேற்பட்ட இடத்தில் இருக்கிறோம். ஆகையால் நம் ஊர்ச் சூரிய நேரம் கடிகாரத்துக்குச் சராசரியாக 21 நிமிடம் பின்தங்கியே இருக்கும். அது கடிகாரத்தின் பழுதன்று. ஊரைப் பொறுத்த கணக்கு. காந்த ஒதுக்கமும் அத்தகையதே. ஆனால் கடிகாரமே நாளுக்கு ஐந்து நிமிடம் பிந்தி ஓடினால் அது பழுது. கடைக்காரரிடம் கொடுத்துச் சரிசெய்ய வேண்டும். காலிபிரேஷன் அதற்கு ஒப்பானது. ஒன்றின் மருந்து மற்றொன்றுக்கு ஆகாது.

மாலுமிகள் இவ்விரண்டையும் வெகுகாலமாகவே பிரித்துப் பேசிவருகிறார்கள். ஆஸ்திரேலியக் கரையை 1801 முதல் 1803 வரை ஆராய்ந்த மாத்யூ பிளிண்டர்ஸ், தம் கப்பலிலிருந்த இரும்பே திசைகாட்டியைத் திருப்புவதைக் கண்டறிந்தார்; அப்பிழையைத் தீர்க்கும் இரும்புத் தண்டுக்கு இன்றும் அவர் பெயரே வழங்குகிறது. கப்பல்கள் முழுதும் இரும்பானபோது, கெல்வின் பிரபு திசைகாட்டியின் இருபுறமும் இரண்டு இரும்புக் குண்டுகளை வைத்து, 1876-இல் தம் கருவிக்குக் காப்புரிமை பெற்றார். துறைமுகத்துக்கு வெளியே கப்பலை ஒரு முழு வட்டம் திருப்பி ஒவ்வொரு திசையிலும் பிழையைக் குறிப்பது மாலுமிகளின் வழக்கம். டிரோனைக் கையில் பிடித்துச் சுற்றுவதும் அதே வேலையின் சிறு உருவம்தான்.

சித்தப்பா செய்த பிழை என்னவென்றால், பக்கத்தில் ஒலிபெருக்கி இருக்கும்போது கப்பலைத் திருப்பினார். டிரோன் சுற்றும்போது அதன் உணரி ஒரு கணம் பெட்டிக்கு அருகிலும் மறுகணம் தூரத்திலும் சென்றது. பெட்டியின் காந்தத்தையும் தன் உடலின் குறை என்று அது தப்பாகக் கற்றுக்கொண்டது. கற்றதைக் கழிக்கவும் தொடங்கியது. மேலே ஏறியதும் அங்கே ஒலிபெருக்கி இல்லை. இல்லாத காந்தத்தைக் கழித்துக்கொண்டே பறந்த அதற்கு வடக்கு எங்கோ போய்விட்டது. சரிசெய்யாமல் விட்டிருந்தாலும் இவ்வளவு கெட்டிருக்காது. கருவி முறையிட்டது தன் உடலைப் பற்றியன்று, நின்ற இடத்தைப் பற்றியது. முறையிட்ட இடத்திலேயே சரிசெய்தது தவறு. எடுத்துக்கொண்டு மைதான நடுவுக்குப் போயிருக்க வேண்டும்.

இதில் அவருக்கு மட்டும் இழுக்கு என்று எண்ண வேண்டாம். 1841-இல் மும்பையின் கொலாபாவில் தொடங்கிய பெரிய காந்த ஆய்வு நிலையமே, நகரில் மின்சார டிராம் வரப்போகிறது என்றதும், அதன் மின்னோட்டம் அளவீடுகளைக் கெடுத்துவிடும் என்று கடல் தாண்டி அலிபாகுக்கு இடம்பெயர்ந்தது. 1904-இல் அங்கே இரும்பு கலவாத பொருள்களைக் கொண்டு புதிய கட்டடம் எழுப்பினார்கள். அறிஞர்களே ஊரைவிட்டு விலகிப்போனபோது, நாம் மேடையைவிட்டு முப்பது அடி விலகுவதில் குறைவொன்றுமில்லை.

மூன்றாவது சனிக்கிழமை மாலை மறுசோதனை நடந்தது. இம்முறை சிஸ்டர் ஒருவரையும் மைதானத்துக்குள் விடவில்லை. நாங்கள் வராந்தாவில் நின்று பார்த்தோம். உடைந்த இரண்டு விசிறிகளை மட்டும் சித்தப்பா மாற்றியிருந்தார். சாவி, கைப்பேசி, இடுப்புப் பட்டை, கைக்கடிகாரம் அனைத்தையும் கழற்றித் தம் அண்ணன் மகளிடம் கொடுத்துவிட்டு, நாங்கள் வரைந்த நிழல்கோட்டின்மேல் நின்று டிரோனைச் சுற்றினார். பிறகு தரையில் வைத்து, அதன் மூக்கை எங்கள் வடக்குக் கோட்டோடு ஒட்டித் திருப்பினார். கைத்திரையிலும் அது வடக்கையே காட்டியது. அந்த 2 பாகையை அது கணக்கில் சேர்த்துவிட்டிருக்கிறது! மேலே ஏறியது. குற்றாலத்திலிருந்து சாரல் காற்று அடித்தும், சுவரில் ஆணி அடித்தாற்போல் பதினைந்து நிமிடம் ஒரே இடத்தில் நின்றது.

இறங்கியதும் சித்தப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “மலை மேலயும் தப்பில்ல, இது மேலயும் தப்பில்ல. நான்தான் பாத்துச் செஞ்சிருக்கணும்” என்றார். கடன் வாங்கும் எண்ணத்தைக் கைவிட்டார். மறுநாள் ஞாயிறு பூசை முடிந்ததும் அந்த ஐந்தாம் வகுப்புச் சிறுமியின் தாயாரிடம் போய் மன்னிப்புக் கேட்டார். “பிள்ளைக தலைக்கு மேலே மட்டும் இனி விடாதீங்க அண்ணாச்சி” என்றார் அந்த அம்மா. தலைமையாசிரியை அருட்சகோதரி அதையே பள்ளியின் விதியாக எழுதி அலுவலகத்தில் ஒட்டிவிட்டார்.

நிழல்கோட்டை மைதானத்தின் நடுவில் வெள்ளை வண்ணத்தால் தீட்டியிருக்கிறோம். அதன் பக்கத்தில் மேற்கே சாய்ந்திருக்கும் மெல்லிய சிவப்புக் கோடு, இவ்வாண்டு நம் ஊசி நின்ற இடம். பாகைமானியைவிட நல்ல கருவி கிடைக்கும் ஆண்டில் அதைத் திருத்திக்கொள்ளும் பொறுப்பை இப்போது எட்டாம் வகுப்பில் இருக்கும் தங்கையரிடம் விட்டிருக்கிறோம்.